பிளேனில் பாதை, நிலத்தில் பற்றை

சென்ற மாதம் ஒரு சகோதரர் கையில் ஒரு பிளேனுடன் கடைக்கு வந்தார். தென்னந்தோட்டம் ஒன்றைத் துண்டு போட்டு விற்கிறார்களாம். நகரத்திலிருந்து பத்து நிமிடத் தூரம், விலையும் கட்டுப்படியாகும். களஞ்சியம் ஒன்று கட்டலாம் என்று முற்பணம் கொடுக்கத் தீர்மானித்து விட்டார். “நானா, ஒரு பார்வை பாருங்க” என்று பிளேனை மேசையில் விரித்தார். நடுவில் நேர்கோடாக 20 அடிப் பாதை. இரண்டு பக்கமும் சீராகத் துண்டுகள்.

“இந்தப் பாதையில் நடந்து பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“பாதை இன்னும் வெட்டல்ல. ஆனா பிளேனில் இருக்கே” என்றார்.

இதே பதிலைத்தான் 2003 ஆம் ஆண்டு நானும் சொன்னேன். அதற்கு நான் கொடுத்த விலையை அவருக்குச் சொன்னேன். நமது வியாபாரிகள் பலர் இன்று இப்படித்தான் காணி வாங்குகிறார்கள் என்பதால் இவ்வாரம் அதையே எழுதுகிறேன்.

எங்கள் பாதையின் கதை

குருநாகல் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் தென்னங்காணி. உரிமையாளர் அதை 1998 இல் பதினான்கு துண்டுகளாகப் பிரித்து விற்றார். நடுவில் 300 அடி நீளம், 20 அடி அகலத்தில் பாதை ஒதுக்கியிருந்தார். அதாவது 6,000 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால் பாதை மட்டும் 22 பேர்ச். மீதியைப் பதினான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 21 பேர்ச்சுக்குச் சற்றுக் கூட. நான் பாதையின் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு துண்டுகளை வாங்கினேன். வாங்கிப் போட்டு விட்டு வியாபாரத்தைப் பார்த்துக் கொண்டு இருந்து விட்டேன். பதினொரு வருடம் அந்தப் பக்கம் ஒழுங்காகப் போகவில்லை.

2014 இல் சீமெந்தும் கூரைத் தகடும் வைக்கக் களஞ்சியம் கட்ட நினைத்துப் போனால், பாதையைக் காணோம். முதல் நூறு அடியில் ஆட்கள் குடியிருந்ததால் அது திறந்திருந்தது. அதற்குப் பிறகு இலுக்குப் புல், நாயுண்ணிப் பற்றை, நடுவே ஒரு பலா மரம். ஒரு பக்கத்தில் வயதான ஹாஜியார் ஒருவர் தனது வேலியை ஆறு அடி வெளியே தள்ளிப் போட்டிருந்தார். எதிர்ப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஐந்து அடிக்கு வாழை நட்டிருந்தார். அவர் சிங்கள சகோதரர், நல்ல மனிதர். 20 அடியில் மிஞ்சியது ஒன்பது அடி. எட்டு அடி அகலமான லொறி ஒன்பது அடிக்குள் எப்படிப் போகும், எங்கே திரும்பும்?

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இருவரிடமும் போய் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்திருக்க வேண்டும். நான் செய்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெக்கோ மெஷினைக் கொண்டு போனது. உறுதியில் எனக்குப் பாதை உரிமை எழுதியிருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம். பற்றையோடு சேர்ந்து ஆசிரியரின் வாழைகளும் போயின. பலா மரத்திடம் வந்தபோது மெஷின் ஓட்டியவர் இறங்கி விட்டார். “பேர்மிட் இருக்கா முதலாளி?” என்று கேட்டார். 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சொந்தக் காணியில் நிற்கும் பலாவைக் கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஈரப்பலாவுக்கும் பெண் பனைக்கும் அதே சட்டம்தான். அந்த மனிதர் அன்று என்னை ஒரு வழக்கிலிருந்து காப்பாற்றினார்.

மற்றதிலிருந்து யாரும் காப்பாற்றவில்லை. ஹாஜியார் வேலியில் கை வைக்க விடவில்லை. “தம்பி, இது என்ட காணி. காணிக்காரர் வெளிநாட்டுக்குப் போகும்போது எனக்குத்தான் தந்துட்டுப் போனார்” என்றார். ஆசிரியர் பொலிஸில் முறைப்பாடு செய்தார். திங்கட்கிழமை காலை கடை திறக்க வேண்டிய நேரத்தில் நான் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பாதை யாருடையது?

பிறகுதான் சட்டத்தரணி ஒருவரிடம் எல்லா உறுதிகளையும் கொண்டு போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி: “மண் யாருடையது, நடக்கும் உரிமை யாருடையது?” இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு. பிளேனில் காட்டிய பாதை மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, பாதை சட்டப்படி பிரதேச சபையிடமோ நகர சபையிடமோ ஒப்படைக்கப்பட்டிருப்பது. அப்போது அது பொதுப் பாதை. பராமரிப்பது சபையின் வேலை. தடைகளை அகற்றவும் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பிளேனுக்குச் சபை அனுமதி கொடுத்து விட்டது என்பதால் மட்டும் பாதை சபையின் பதிவேட்டில் ஏறி விட்டது என்று எண்ணக் கூடாது. அதைச் சபையில் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, துண்டுகளை விற்றவர் பாதைத் துண்டை யாருக்கும் எழுதாமல் விட்டிருப்பது. அப்படியானால் மண் இன்னும் அவருடையது, அவர் மௌத்தாகி விட்டால் வாரிசுகளுடையது. வாங்கியவர்களுக்கு இருப்பது அதைப் பாதையாகப் பாவிக்கும் உரிமை மட்டும். அது பெரும்பாலும் உறுதியின் இரண்டாவது அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் பாதை இந்த வகை.

மூன்றாவது, பாதைத் துண்டையும் வாங்கியவர்கள் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்காக எழுதியிருப்பது. அப்போது எல்லோரும் கூட்டுச் சொந்தக்காரர்கள்.

ஹாஜியார் சொன்ன “வாயால் தந்தார்” என்பது இந்த மூன்றிலும் சேராது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் காணி உரிமைக்கு எழுத்து கேட்கிறது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதி ஒப்பமிட வேண்டும். நமது ஊர்களில் வாய்ச் சொல்லுக்கு மரியாதை உண்டு. அது நல்ல பழக்கம். ஆனால் காணி வாய்ச் சொல்லால் கை மாறாது.

பத்து வருடம் என்ற கணக்கு

அப்படியானால் ஹாஜியார் கையில் ஒன்றுமே இல்லையா? இருந்தது. அதைக் கேட்டுத்தான் எனக்கு வியர்த்தது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் இன்னொருவரின் காணியை அவருக்கு எதிரான உரிமையோடு, தடையில்லாமல் பத்து வருடம் ஆண்டு வந்தால் அதைத் தனதாகக் கோரலாம். பாதை உரிமையும் அப்படித்தான். பத்து வருடம் உரிமையாக நடந்து வந்தால் அந்த உரிமை கிடைக்கலாம். பத்து வருடம் வேலி போட்டு மறித்தும் யாரும் கேட்காமல் இருந்தால், இருந்த உரிமையும் போகலாம்.

ஹாஜியாரின் வேலி 2008 இல் போடப்பட்டது. நான் போனது 2014 இல். இன்னும் நான்கு வருடம் தூங்கியிருந்தால் என் வழக்கு வேறு விதமாக இருந்திருக்கும். காணியை வாங்கிப் போட்டு விட்டு நிம்மதியாக இருக்கும் சகோதரர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.

பாதை கூட்டுச் சொந்தமாக இருந்தால் மறிப்பவருக்குக் கொஞ்சம் கடினம். ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்குமான ஆட்சியாகவே கருதப்படும், மற்றவர்களை வெளியேற்றியதாக வெளிப்படையான செயல் இருக்க வேண்டும் என்று 1911 இல் கொரியா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்தது. நூறு வருடம் தாண்டியும் நம் நீதிமன்றங்களில் பேசப்படும் தீர்ப்பு அது.

துப்பரவு செய்யும் உரிமை யாருக்கு?

நான் பிழை விட்டது இந்த இடத்தில்தான். நமது நாட்டில் பாதை உரிமைக்கு ரோமன் - டச்சுச் சட்டமே அடிப்படை. அதன்படி பாதையைப் பாவிக்கும் உரிமை உள்ளவருக்கு அதைத் துப்பரவாக்கிப் பாவிக்கத்தக்கதாக வைத்துக் கொள்ளும் உரிமையும் உண்டு. மண்ணின் சொந்தக்காரர் துப்பரவு செய்து தர வேண்டியதில்லை, மறிக்காமல் இருந்தால் போதும். ஆனால் உரிமையைப் பாவிப்பவர் அடுத்தவருக்கு ஆகக் குறைந்த பாதிப்பு வரும்படி நடக்க வேண்டும்.

இலுக்கையும் பற்றையையும் நான் வெட்டியதில் குற்றமில்லை. இன்னொருவர் நட்ட பயிரையும் போட்ட வேலியையும் நானே கை வைத்து அகற்றப் போனதுதான் பிழை. அவர் நட்டது பிழையான இடமாக இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், பெக்கோ மெஷின் அல்ல.

வழி மறிப்பில் சமாதானம் குலையும் நிலை வந்தால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு இருக்கிறது. பொலிஸாரும் அறிக்கை தாக்கல் செய்யலாம், பாதிக்கப்பட்டவர் தானே சத்தியக் கடதாசியுடனும் போகலாம். காணியின் ஆட்சி பற்றிய பிணக்கு என்றால் 68 ஆம் பிரிவு. வழக்குத் தாக்கலுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டாரா என்று அதில் பார்ப்பார்கள். பாதை உரிமை போன்றவை 69 ஆம் பிரிவில் வரும். இந்தக் கட்டளைகள் தற்காலிகமானவை. இறுதி உரிமையை மாவட்ட நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். எனவே இன்று உங்கள் வழியை ஒருவர் மறித்தால் நோன்பு முடியட்டும், பெருநாள் முடியட்டும் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். உடனே முறைப்பாட்டைப் பதிவு செய்யுங்கள்.

எங்கள் பிணக்கு நீதிமன்றம் வரை போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மத்தியஸ்த சபைக்குப் போனது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. தீர்ப்புச் சொல்லாது, இரு தரப்பையும் இருத்திப் பேச வைக்கும். ஆசிரியரிடம் நான் மன்னிப்புக் கேட்டு வாழைக்கு உரிய பணத்தைக் கொடுத்தேன். “முதலாளி முதலே கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பேனே” என்றார் அந்த மஹத்தயா. பணம் கொடுத்ததை விட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. ஹாஜியார் மட்டும் அசையவில்லை. நாங்கள் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸப்பில் நின்று தொழுதோம். ஸலாமும் சொல்லிக் கொள்ளவில்லை. ஒன்றரை வருடம் அப்படிப் போனது.

ஒரு பேர்ச்சும் இல்லாத காணி

இடையில் டெங்கு பரவிய நேரத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பற்றைக்குள் சிரட்டையும் தயிர்ச் சட்டியும் நிறையக் கிடந்தன. 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோதான் பொறுப்பு. “இந்தக் காணி யாருடையது?” என்று கேட்டார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் ஆசிரியரைப் பார்த்தேன். ஆசிரியர் வானத்தைப் பார்த்தார். வேலி போடும்போது எல்லோருக்கும் சொந்தமான பாதை, வழக்கு என்றவுடன் யாருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று.

பாதையைத் திறந்தது அதுவுமல்ல, வங்கி. ஹாஜியாரின் மகன் நகரத்தில் கடையை விரிவாக்கக் கடன் கேட்டு, வாப்பாவின் காணியை ஈடாகக் காட்டினார். மதிப்பீட்டாளர் வந்தார். பிளேனில் 20 அடி, நிலத்தில் ஒன்பது அடி, வாகனம் திரும்ப இடமில்லை, பாதை பிணக்கில் இருக்கிறது என்று எழுதி விட்டுப் போனார். எதிர்பார்த்த பெறுமதி வரவில்லை. வங்கிச் சட்டத்தரணியும் பாதையைத் தெளிவாக்கிக் கொண்டு வாருங்கள் என்று கோவையைத் திருப்பி விட்டார்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு மகன் என்னிடம் வந்தார். பள்ளி முற்றத்தில் உட்கார்ந்து ஒரு கடதாசியில் கணக்குப் போட்டோம். வாப்பாவின் துண்டின் முகப்பு 43 அடி. வேலி வெளியே வந்தது ஆறு அடி. பெருக்கினால் 258 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 என்றால், இவ்வளவு பகையும் ஒரு பேர்ச்சும் இல்லாத துண்டுக்காக. அந்தத் துண்டுக்கு உறுதியும் இல்லை. ஆனால் அதனால் உறுதியுள்ள 21 பேர்ச்சின் விலை இறங்கி விட்டது. அவருடையது மட்டுமல்ல, பாதையின் உள்ளே இருந்த எல்லோருடையதும். மகன் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டு போனார்.

மறு வாரம் ஹாஜியார் தொழுகை முடிந்து என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அளவையாளரைக் கூட்டிட்டு வாங்க. கல்லு எங்க விழுதோ அங்க வேலிய வைக்கிறேன்” என்றார். அவ்வளவுதான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பவனுக்கு ஹதீஸில் வந்திருக்கும் எச்சரிக்கையை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்கு அது என்னை விட நன்றாகத் தெரியும். பாதையின் அகலத்தில் பிணங்கினால் ஏழு முழம் விடச் சொல்லும் ஹதீஸும் இருக்கிறது. ஏழு முழம் ஏறக்குறைய பத்தரை அடி. நாங்கள் மூவரும் சேர்ந்து விட்டு வைத்திருந்தது ஒன்பது அடி.

2016 இல் அளவையாளர் பழைய பிளேனை வைத்து எல்லைக் கற்களை மீண்டும் நட்டார். செலவைப் பதினான்கு துண்டுக்கும் பங்கு போட்டோம். வெளிநாட்டில் இருந்த பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்தோம். அவர் அற்றோணித் தத்துவம் அனுப்பி, பாதைத் துண்டைப் பிரதேச சபைக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்தார். பலா மரம் கரையோரமாக நின்றதால் அனுமதி கேட்டு அலையாமல் அதை அப்படியே விட்டு விட்டோம். இப்போது அதன் நிழலில்தான் லொறிக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். ஹாஜியார் 2019 இல் வபாத்தானார். அவரது ஜனாஸா அந்த 20 அடிப் பாதையால்தான் போனது. நானும் சந்தூக்கைச் சுமந்தேன். அல்லாஹ் அவரைப் பொருந்திக் கொள்வானாக.

வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

கடைக்கு வந்த சகோதரருக்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை.

1. முற்பணத்துக்கு முன் பிளேனைக் கையில் வைத்துக் கொண்டு பாதையில் நடந்து பாருங்கள். நடக்க முடியாத பாதைக்குப் பாதையுள்ள காணியின் விலையைக் கொடுக்காதீர்கள். வெட்டித் தந்த பிறகு மீதிப் பணம் என்று எழுத்தில் பேசிக் கொள்ளுங்கள்.

2. பாதைத் துண்டின் இலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சபையில் போய் அது அவர்களது பதிவேட்டில் உண்டா என்றும் கேளுங்கள்.

3. உங்கள் உறுதியில் பாதை உரிமை, பாதைத் துண்டின் இலக்கம், அகலம் மூன்றும் எழுதப்பட வேண்டும். “வழமையான பாதை” என்று மட்டும் எழுதினால் பிறகு அகலத்துக்குத்தான் சண்டை வரும்.

4. வாங்கிய பின் வருடத்துக்கு இரண்டு தரமாவது எல்லோரும் சேர்ந்து சிரமதானமாகத் துப்பரவு செய்யுங்கள். படம் எடுத்து வையுங்கள், செலவுப் பற்றுச்சீட்டை வையுங்கள். பாதையைப் பாவித்து வந்ததற்கு அதுவே சாட்சி. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மிம்பரில் கேட்கிறோம். அந்த நன்மையும் சேரும்.

5. வேலி ஒரு அடி வெளியே வந்தாலும் அதே வாரம் போய்ப் பேசுங்கள். முதலில் வீட்டுக்குப் போய் மரியாதையாக. கேட்காவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதற்குப் பிறகுதான் மத்தியஸ்த சபையும் மற்றவையும்.

6. இணக்கம் வந்தால் பள்ளிவாசல் கடிதத் தலைப்பில் எழுதியதோடு நிறுத்த வேண்டாம். நொத்தாரிசு முன் எழுதி, காணிப் பதிவகத்திலும் பதியுங்கள். நம் பிள்ளைகளுக்கு நம்முடைய முகத் தாட்சண்யம் இருக்காது.

உங்கள் உறுதியிலும் பிளேனிலும் உள்ள சொற்களைப் பொறுத்து நிலைமை மாறும். எனவே ஒப்பமிடும் முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அந்தக் கட்டணம் ஒரு வழக்குத் தவணையின் செலவுக்குக் கிட்டவும் வராது.

அந்தச் சகோதரர் மறு வாரம் மீண்டும் வந்தார். காலில் முள் கிழித்த காயம். “நடந்து பார்த்தேன் நானா. நூறு அடியோட நிண்டுட்டேன்” என்றார். முற்பணம் இன்னும் அவரது சட்டைப் பையில்தான் இருக்கிறது. பாதையை வெட்டிக் கல் நட்டுத் தந்தால் வாங்குகிறேன் என்று விற்பவரிடம் சொல்லியிருக்கிறாராம். வாங்கட்டும். பறக்கத்தான காணியாக அமைய துஆச் செய்வோம்.

வஸ்ஸலாம்.